அவள் புடவை யாருடைய புடவை?

மெய்ப்புமேசை:
வணக்கம். ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்பு பார்த்துக் கொடுக்கிறேன். நேற்று ஒரு சிறுகதையில் இந்த வாக்கியம் வந்தது:

"அம்மா அக்காவிடம் அவள் புடவையை மடித்து வைக்கச் சொன்னாள்."

யாருடைய புடவை? அக்காவுடையது என்றேன் நான். அம்மாவுடையது என்கிறாள் என் மனைவி. பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சரிடம் கேட்டோம். "சுட்டுப்பெயருக்கு முன்னால் எந்தப் பெயர் அருகில் இருக்கிறதோ அதைத்தான் குறிக்கும், எனவே அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பள்ளியில் நானும் அப்படிப் படித்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அவளும் தமிழில்தானே படிக்கிறாள், அவளுக்கு ஏன் அப்படித் தோன்றவில்லை? (இந்த "அவள்" யார் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். டீச்சரை "அவர்" என்றுதான் எழுதுவேன்.)

அருகில் இருப்பதுதான் பொருள் என்ற விதி உண்மையா? நாளை மறுநாள் புரூஃபைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
அந்த விதியை நம்பினால் கொலைகாரனே மாறிவிடுவான் சார். பாருங்கள்.

கொற்றன் சாத்தனைத் தேடி வந்தான். அவன் வீட்டில் இல்லை.

கொற்றன் சாத்தனைத் தேடி வந்தான். அவன் கையில் அரிவாள் இருந்தது.

முன்வாக்கியம் இரண்டிலும் ஒன்றேதான், ஓர் எழுத்து மாறவில்லை. "அவன்" நிற்கும் இடமும் அதேதான். ஆனால் வீட்டில் இல்லாதவன் சாத்தன், அரிவாளோடு நிற்பவன் கொற்றன். அருகில் இருப்பவன்தான் என்றால், பாவம், வீட்டிலேயே இல்லாத சாத்தன் கையில் அரிவாளைத் திணிக்க வேண்டியிருக்கும். "தேடி வந்தான்" என்றதுமே ஒருவன் வாசலில் நிற்கிறான், இன்னொருவனைக் காணோம் என்று நமக்குப் பாதிக் கதை தெரிந்துவிடுகிறது. அடுத்த வாக்கியத்தை அந்தக் கதையில்தான் பொருத்திப் பார்க்கிறோம். பெயர் எத்தனை சொல் தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

(கொற்றனும் சாத்தனும் பழைய இலக்கண உரைகளில் காலங்காலமாக வந்துபோகிற ஆட்கள். புதுப்பெயர் தேடி அலையாமல் இரவல் வாங்கிக்கொண்டேன்.)

சில்லறைக்காசு:
மூன்றாவதாக ஒன்று: "கொற்றன் சாத்தனைத் தேடி வந்தான். அவன் ஆறு மாத வட்டி பாக்கி வைத்திருந்தான்."

இது சாத்தன். கடன் வாங்கியவன் தேடி வந்ததை நான் பார்த்ததே இல்லை.

இழைநூல்:
கரிசல்காட்டான் அண்ணே, நீங்கள் போட்ட ஜோடி மாதிரியே கம்ப்யூட்டருக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். கணினி அறிஞர் டெரி வினோகிராட் 1972-இல் ஓர் ஆங்கில வாக்கியத்தை உதாரணமாகக் காட்டினார். நகர மன்றத்தார் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். இதில் "அஞ்சினார்கள்" என்பதை எடுத்துவிட்டு "வன்முறையை ஆதரித்தார்கள்" என்று போட்டால் "அவர்கள்" கட்சி தாவிவிடும். இலக்கணம் அப்படியே இருக்கிறது. மாறியது ஒரு வினைச்சொல் மட்டும்.

2012-இல் எக்டர் லெவெக், எர்னஸ்ட் டேவிஸ், லியோரா மோர்கென்ஸ்டெர்ன் மூவரும், இதையே இயந்திரங்களுக்குத் தேர்வாக வைக்கலாம் என்று எழுதினார்கள். பேச்சில் ஆளை ஏமாற்றினால் போதும் என்கிற டூரிங் தேர்வைவிட இது நேர்மையானது என்பது அவர்கள் கட்சி. 273 கேள்விகள் கொண்ட தொகுப்பு ஒன்று பலகாலம் புழக்கத்தில் இருந்தது. 2019, 2020 வாக்கில் பெரிய மொழி மாதிரிகள் (ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய கணினி நிரல்கள்) அதில் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டன. சரியாகச் சொன்னால் புரிந்துகொண்டதாக ஆகுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இதில் இன்னொரு பிரபலமான கேள்வி: கோப்பை பெட்டிக்குள் போகவில்லை, ஏனென்றால் அது ரொம்பப் பெரிது. எது பெரிது? வேலை விஷயமாக இதையெல்லாம் தமிழாக்கப் போய் நான் மாட்டிக்கொண்டேன். நம்மில் யார் இப்படிப் பேசுகிறோம்? "கோப்பை பெரிதாக இருந்ததால் பெட்டிக்குள் போகவில்லை" என்போம். அல்லது "பெட்டி சின்னதாக இருந்ததால் கோப்பை உள்ளே போகவில்லை" என்போம். தமிழில் காரணம் முன்னால் வந்துவிடுகிறது. முன்னால் வந்தால் அங்கேயே பெயரைச் சொல்லிவிடுகிறோம். பிறகு "அது" எதற்கு? பாதிக் கேள்விகள் தமிழில் கேள்வியாகவே இல்லாமல் போய்விட்டன. "ஏனென்றால்" போட்டு மல்லுக்கட்டி மொழிபெயர்த்ததைப் படித்துவிட்டு என் தங்கை, "இது யார் பேசுகிற தமிழ்?" என்று கேட்டாள்.

ஓய்வூதியர்:
தம்பி இழைநூல், பெயர் முன்னால் வந்துவிடுகிறது என்று நீங்கள் கண்டதைத் தொல்காப்பியம் நூற்பாவாகவே வைத்திருக்கிறது. சொல்லதிகாரம், கிளவியாக்கம்:

"இயற்பெயர்க் கிளவியும் சுட்டுப்பெயர்க் கிளவியும்
வினைக்கு ஒருங்கு இயலும் காலம் தோன்றின்
சுட்டுப்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்
இயற்பெயர் வழிய என்மனார் புலவர்"

ஒரே ஆளைப் பெயராலும் சொல்லி, சுட்டாலும் சொல்ல நேர்ந்தால், சுட்டை முன்னால் போடாதே, பெயருக்குப் பின்னால் வரட்டும் என்பது பொருள். "சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு கொடு" என்றால் சோறு சாத்தனுக்கு. "அவன் வந்தான், சாத்தனுக்குச் சோறு கொடு" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். வந்தவன் ஒருவன், சாப்பிடுபவன் வேறொருவன் என்று ஆகிவிடும். முப்பது வருடம் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு வேறெந்த நூற்பா மறந்தாலும் இது மறக்காது, சோறு இருக்கிறதே.

பக்கத்து வீட்டு டீச்சர் சொன்ன "அருகில் இருக்கும் பெயர்" என்பது எந்த இலக்கண நூலிலும் நான் கண்டதில்லை. நூல் சொல்வது முன்பின் வரிசையை மட்டும். தூரத்தை அது அளக்கவில்லை.

கரிசல்காட்டான்:
ஐயா, வணக்கம். ஆனால் பாதிச் சிறுகதை "அவன் பஸ்ஸை விட்டு இறங்கினான்" என்றுதானே ஆரம்பிக்கிறது? பெயர் மூன்றாவது பக்கத்தில் வரும். சில கதைகளில் வராமலே போகும்.

ஓய்வூதியர்:
அடுத்த நூற்பாவையும் படித்துவிடுங்கள்: "முற்படக் கிளத்தல் செய்யுளுள் உரித்தே." கவிஞர்களுக்குக் கொடுத்த சலுகையைக் கதைக்காரர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வேர்ச்சொல்:
மொழியியல் படிக்கிறேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

வினைச்சொல்லே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று இழைநூல் சொன்னதை கார்வி, கராமாட்சா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-லேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழில் சோதித்துப் பாருங்கள். "கொற்றன் சாத்தனிடம் மன்னிப்புக் கேட்டான். அவன்தான் வண்டியை இடித்தவன்." இடித்தவன் கொற்றன். "மன்னிப்புக் கேட்டான்" என்பதை "திட்டினான்" என்று மாற்றி, "சாத்தனிடம்" என்பதைச் "சாத்தனை" ஆக்குங்கள். இடித்தவன் சாத்தன். தப்பு யார் பக்கம் என்று அந்த வினைக்குள்ளேயே எழுதியிருக்கிறது.

அப்புறம், நாம் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து இதையெல்லாம் யோசிப்பதில்லை. ஜெனிஃபர் ஆர்னால்டும் சக ஆய்வாளர்களும் 2000-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். டிஸ்னி கார்ட்டூன் படங்களைக் காட்டிக்கொண்டே வாக்கியத்தைக் காதில் சொல்லி, கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். படத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தால், "அவன்" என்றோ "அவள்" என்றோ கேட்டவுடன் கண் ஓடிவிடுகிறது. இருவருமே ஆண் என்றால், முதலில் பேர் சொல்லப்பட்டவர் பக்கம் சட்டென்று போகிறது. இரண்டாவதாகச் சொல்லப்பட்டவரைக் குறித்தால்தான் கண் தடுமாறுகிறது. அதாவது, அருகில் இருப்பவருக்கு முன்னுரிமை கிடையாது. கதை யாரைப் பற்றிப் போய்க்கொண்டிருக்கிறதோ அவருக்குத்தான்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். தமிழில் சுட்டுப்பெயரையே விட்டுவிடலாம். "வந்தாள்" என்றால் போதும், விகுதியே ஆளைச் சொல்லிவிடும். தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருப்போம். இத்தாலிய மொழியும் இப்படித்தான். அதை ஆராய்ந்த மரியா நெல்லா கார்மினாட்டி 2002-இல் எழுதியது: சுட்டுப்பெயரை விட்டுவிட்டால் வாசகர் முன்வாக்கியத்தின் எழுவாயையே தொடர்வதாக எடுத்துக்கொள்கிறார். வாயைத் திறந்து "அவன்" என்று சொல்லிவிட்டால் வேறு ஆளிடம் தாவத் தயாராகிறார். தமிழிலும் எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது. "கமலா ராதாவைப் பார்த்தாள். சிரித்தாள்." சிரித்தது கமலா. "கமலா ராதாவைப் பார்த்தாள். அவள் சிரித்தாள்." இப்போது ராதா.

சில்லறைக்காசு:
"கொற்றன் சாத்தனைத் தேடி வந்தான். வீட்டில் இல்லை." இதில் எழுவாயை விட்டுத்தான் இருக்கிறேன். ஆனால் வீட்டில் இல்லாதவன் சாத்தன்தானே?

வேர்ச்சொல்:
நல்ல அடி. அதனால்தான் விதி என்று சொல்லாமல் "காதில் விழுகிறது" என்று தப்பித்துக்கொண்டேன். தேடுகிறவன் கதை அந்த இலக்கணத்தைவிட வலுவானது.

ஆனால் செய்து, போய், வாங்கி என்று வருகிற எச்சங்களில் இந்த இழுபறியே இல்லை. "கடைக்குப் போய், பால் வாங்கி, டீ போட்டாள்" என்றால் மூன்றும் ஒரே ஆள்தான். வேறு ஆளைப் புகுத்தவே முடியாது. ஓய்வூதியர் ஐயாவுக்கு இதற்கும் நூற்பா தெரிந்திருக்கும்.

ஓய்வூதியர்:
தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: "முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின." செய்து முதலான முதல் மூன்று எச்சங்களும், அதைச் செய்தவருடைய வினையைக் கொண்டே முடியும் என்பது பொருள். மழை பெய்து குளம் நிறைந்தது போன்றவை வேறு கணக்கு.

அஞ்சறைப்பெட்டி:
எனக்கு இலக்கணம் தெரியாது. வேர்ச்சொல் சொன்ன பால், டீ வாக்கியத்தில் ஒன்று கவனித்தேன். போனது ஆணா பெண்ணா என்று கடைசி எழுத்து வரும்வரை தெரியவில்லை. எங்கள் பாட்டி பேய்க்கதை சொல்லும்போது இதைத்தான் செய்வாள். "மெதுவா கதவைத் திறந்து, விளக்கை ஊதி அணைச்சு, கட்டில்கிட்ட வந்து, குனிஞ்சு பார்த்து..." என்று இழுத்துக்கொண்டே போவாள். வந்தானா, வந்தாளா, வந்ததா என்று தெரியாமல் போர்வைக்குள் கிடப்போம்.

அப்புறம் இன்னொன்று. யாரையும் முன்னால் சொல்லாமலே வருகிற "அவர்" ஒன்று உண்டு. "அவர் வந்துட்டாரா?" என்று என் மாமியார் கேட்டால் அது மாமனார்தான். ஐம்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் பெயரை இவர் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டபோதுகூட என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்.

கொழும்புத்துறை:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. மெய்ப்புமேசை தன் மனைவியையும் டீச்சரையும் "அவள்", "அவர்" என்று பிரித்துத் தப்பிவிட்டார். டீச்சர் ஆணா பெண்ணா என்று அவர் எழுதியதை வைத்துச் சொல்லுங்கோ பார்ப்பம்? பெண் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் அந்தப் பதிவில் எங்கும் அப்படி இல்லை. எழுத்துத் தமிழில் மரியாதை கொடுத்தவுடன் பால் அழிந்துபோகிறது. எங்கள் பேச்சில் அந்தச் சிக்கல் இல்லை. ஆணுக்கு அவர், பெண்ணுக்கு அவ. இரண்டுமே மரியாதைதான். எழுத உட்கார்ந்தால் அந்த "அவ" போய்விடுகிறது.

எங்களிடம் "உவர்", "உது" என்கிற உகரச் சுட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுவில் இருப்பதற்கு. தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் "உவர் ஆர்?" என்று கேட்டேன், உப்புத்தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

இழைநூல்:
தமிழ்நாட்டுப் பேச்சிலும் ஓரளவு பிரிவு இருக்கிறது அண்ணா. "டாக்டர் வந்தாரு" என்றால் ஆண் டாக்டர் என்று எடுத்துக்கொள்வோம், "வந்தாங்க" என்றால் பெரும்பாலும் பெண், இல்லாவிட்டால் பலர். எழுத்தில் இரண்டும் "வந்தார்" ஆகிவிடுகிறது. பிறகு படிப்பவர் தன் மனதில் இருக்கும் டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறார். மூன்றாம் பக்கத்தில் டாக்டர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகும்போதுதான் திடுக்கிடுகிறார்.

மூன்றாம்பத்தி:
நாளிதழில் ஜில்லா செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் "இவர்" நோயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. "கொற்றன் (52), மளிகைக் கடை நடத்தி வருகிறார். இவரது தம்பி சாத்தன் (45). இவர் நேற்று முன்தினம் இரவு மது அருந்திவிட்டு இவரது வீட்டுக்குச் சென்று தகராறு செய்துள்ளார். இதில் ஆத்திரமடைந்த இவர்..." ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் கடைசி ஆளைப் பிடித்துக்கொண்டு போகும். நான்காவது "இவர்" வரும்போது குடித்தவர் யார், அடித்தவர் யார் என்று எழுதிய எனக்கே தெரியாது. ஒருமுறை அடிவாங்கியவரே கைதானதாக அச்சாகிவிட்டது. மறுநாள் அவர் தலைக்கட்டோடு அலுவலகப் படியேறி வந்தார்.

டீச்சர் விதிக்கு ஒரே ஆதாரம் இந்த "இவர்"தான் என்று தோன்றுகிறது. இகரம் கிட்டத்தில் இருப்பதைக் காட்டும். அதை அவருக்கும் அவளுக்கும் நீட்டியதில்தான் வம்பு.

பத்திரக்கட்டு:
பத்திரம் எழுதுவது என் தொழில். எங்கள் பக்கம் அவர், இவர் என்ற பேச்சே கூடாது. எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், நம்மில் 1-வது லக்கமிட்டவர், மேற்படி சொத்து என்று திரும்பத் திரும்பத்தான் எழுதுவோம். படிக்கச் சலிப்பாக இருக்கும். சலிப்புக்குத்தான் கூலி.

ஏன் என்றால், ஒரு பெரியவர் தன் கைப்பட எழுதிவைத்த உயிலைப் பார்த்திருக்கிறேன். ஊர் பேர் வேண்டாம். அதில் இருந்தது கிட்டத்தட்ட இப்படி: "என் மூத்த மகன் இளைய மகனுக்கு வருடம் பத்து மூட்டை நெல் கொடுத்து வரவேண்டும். அவன் காலத்துக்குப் பிறகு தோட்டம் கோயிலுக்குச் சேரும்."

எவன் காலத்துக்குப் பிறகு? மூத்தவர் முதலில் இறந்தார். தோட்டம் கோயிலுக்குப் போய்விட்டது என்றார்கள் ஒரு பக்கம். இளையவர் இருக்கும்வரை நெல் வரவேண்டும், தோட்டம் நம்மிடம்தான் என்றார்கள் மூத்தவர் வீட்டார். பெரியவர் மனதில் ஒருவன்தான் இருந்திருப்பான். எழுதும்போது அவருக்கு அதில் சந்தேகமே வந்திருக்காது. அதுதான் இதில் கஷ்டம்.

அஞ்சறைப்பெட்டி:
அந்த உயிலை விடுங்கள், என் வீட்டில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது இது: "அப்பா நான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னார்." தப்புப் பண்ணியது அப்பாவா, அனுப்பிய தம்பியா? இரண்டு நாள் தூங்கவில்லை.

வேர்ச்சொல்:
இது உண்மையிலேயே நம் மொழியில் இருக்கிற பள்ளம். அடுத்தவர் பேச்சை அவர் வாயிலேயே வைத்து "என்று" போட்டு முடிக்கிறோம். அந்த "நான்" பேசியவருடையதாகவும் இருக்கலாம், அதை எழுதி அனுப்பியவருடையதாகவும் இருக்கலாம். மேற்கோள் குறி நமக்கு ரொம்பப் பிந்தி வந்தது, வாட்ஸ்அப்பில் அதுவும் யாரும் போடுவதில்லை. சில இடங்களில் "தான் ஜெயிச்சேன்னு சொன்னான்" என்றும் பேசுவார்கள். தான் என்பது படர்க்கை, ஜெயிச்சேன் என்பது தன்மை. இலக்கணப்படி முட்டுகிறது, ஆனால் ஜெயித்தவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

மெய்ப்புமேசை:
இவ்வளவு வருமென்று நினைக்கவில்லை. அப்படியென்றால் என் வாக்கியத்தில் "அவள்" என்பதைத் "தன்" என்று மாற்றிவிட்டால் அம்மாவுடையது என்று ஆகிவிடும், சரிதானே?

வேர்ச்சொல்:
ஆகாது சார். "தன்" எழுவாயைப் பிடிக்கும் என்பது சரி. ஆனால் உங்கள் வாக்கியத்தில் எழுவாய் இரண்டு. சொன்னது அம்மா, மடித்து வைக்க வேண்டியது அக்கா. "அம்மா அக்காவிடம் தன் புடவையை மடித்து வைக்கச் சொன்னாள்" என்றாலும் இருவருக்கும் இடம் இருக்கிறது. எனக்கு அம்மா பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று: எழுத்தாளர் "தன்" போடாமல் "அவள்" என்று போட்டிருக்கிறார். அம்மா இல்லை, அக்காவும் இல்லை என்று சொல்ல வருகிறாரோ?

கரிசல்காட்டான்:
அதற்கு முந்தைய பத்தியில் என்ன இருக்கிறது? அதைப் போடாமலே எங்களை இவ்வளவு தூரம் நடத்திவிட்டீர்களே.

மெய்ப்புமேசை:
முந்தைய பத்தியில் டிரங்குப் பெட்டி திறப்பதும் நாப்தலின் உருண்டை வாசனையும்தான். ஆள் யாரும் இல்லை. தொடராக வருகிற கதை, எனக்கு வந்தது மூன்றாவது பகுதி மட்டும். எழுத்தாளருக்கே எழுதிக் கேட்டுவிடுகிறேன்.

மெய்ப்புமேசை:
பதில் வந்தது. வேர்ச்சொல்லுக்கு ஒரு சலாம். முதல் பகுதியில் இறந்துபோன சின்னத் தங்கையின் புடவையாம் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை, கதை முடியும்வரை "அவள்"தான் என்று எழுதியிருக்கிறார். பெயரைப் போட்டுத் தெளிவாக்கட்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்றார்.

வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அதே பக்கத்தில் "மடித்து" என்பதில் ஒரு த் விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் திருத்தினேன்.

அஞ்சறைப்பெட்டி:
உங்கள் மனைவியிடம் சொன்னீர்களா?

மெய்ப்புமேசை:
சொன்னேன். "அம்மா அவளோடதை எடுத்து வெச்சிருக்கா, நான் சொன்னது சரிதான்" என்கிறாள்.